பிரமிட் எச்சரிக்கை கிராமங்களுக்கும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிதாகச் சேருபவர்களின் காசை எடுத்து முன்பு சேர்ந்தவர்களுக்கு இலாபமென்று கொடுக்கும் பிரமிட் திட்டங்கள் குறித்து இலங்கை மத்திய வங்கி விடுத்த எச்சரிக்கையைத் தங்கள் பத்திரிகையில் வாசித்தேன். எச்சரிக்கை சரிதான், ஆனால் அது எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து சேருவதற்குள் நகைகள் அடகுக்கடைக்குப் போய்விடுகின்றன. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியபோது, வங்கியில் கிடந்த காசு கண்முன்னே கரைவதைப் பார்த்த மக்கள் பயந்து போனார்கள். அந்தப் பயத்தைத்தான் இந்தத் திட்டங்களை நடத்தும் ஆட்கள் பிடித்துக்கொள்கிறார்கள். என் மச்சாள் ஒருவர் அந்த வருடம் தாலிக்கொடி தவிர்ந்த எல்லா நகையையும் அடகு வைத்து, கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் காசைப் போட்டார். முதல் இரண்டு மாதம் இலாபம் வந்தது, அதை நம்பி அக்கம்பக்கத்தில் நான்கு பேரையும் சேர்த்துவிட்டார். அப்புறம் செயலி திறக்கவே இல்லை. இன்றும் அந்த நான்கு வீட்டுப் படலையை அவரால் மிதிக்க முடியவில்லை.

அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ முறிந்தால், ஒரு நிறுவனத்தில் ஒருவர் வைத்த வைப்புக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி இருக்கிறது. செயலியில் போட்ட காசுக்கு அப்படி எதுவுமில்லை. இந்த வித்தியாசம் எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. அதைத் தமிழில் அச்சடித்து, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஒவ்வொரு கிராம சேவகர் அலுவலகத்திலும் பிரதேச செயலகங்கள் ஒட்டி வைக்க வேண்டும், மாதர் சங்கக் கூட்டங்களிலும் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி.