பூச்சு வேலைக்கு முன் ஒரு பைப்

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. முன்னோருக்கான படைப்பு முடிந்து பங்காளிகள் எல்லோரும் கிளம்பும்வரை பேனாவைத் தொட நேரமில்லை. நாற்பத்திரண்டு பேர், அத்தனை பேர் கையிலும் போன். ஆத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இங்கிருந்தே சொல்கிறார்கள்.

திருச்சியில் கட்டுகிற வீட்டுக்கு எந்தக் கம்பெனி மெஷ், அதாவது வீடு முழுக்க வைஃபை பரப்பும் பெட்டிகள், வாங்கலாம் என்று இரண்டு பக்கம் கேட்டிருக்கிறாய். பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரிதான் முக்கியம். கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். முதலில் நான் பட்ட பாட்டைக் கேள்.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஒன்றரை அடிச் சுவர். ஃபைபர் இணைய இணைப்பு முகப்போடு நின்றுவிட்டது. மகள் உட்கார்ந்து வேலை பார்ப்பது இரண்டாங்கட்டில். முதலில் கடைக்காரர் பேச்சைக் கேட்டு சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று வாங்கினேன். அதன் வைஃபைக்குத் தனிப் பெயர். முகப்பிலிருந்து உள்ளே நடந்தால் போன் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு தொங்கும். அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

அப்புறம் மூன்று பெட்டி மெஷ். வீடு முழுக்க ஒரே பெயர், மூன்றிலும் பச்சை விளக்கு. 150 எம்பிபிஎஸ் இணைப்பு; முகப்பில் 140 வந்தது, நடுமுற்றத்து வளவில் 60, அடுப்படியில் 18. விளக்கு மட்டும் பச்சை!

விஷயம் இதுதான். விலை குறைந்த மெஷ் பெட்டிகளில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டே அலைவரிசை. முந்தின பெட்டியிடம் வாங்குவதும் நம் போனுக்குக் கொடுப்பதும் பெரும்பாலும் ஒரே ரேடியோ. பந்தியில் ஒரே ஆள் அடுப்படிக்கும் ஓடி, இலைக்கும் பரிமாறினால் எப்படியிருக்கும்? ஒரு பெட்டி தாண்டினால் வேகம் ஏறக்குறையப் பாதி. ட்ரை-பேண்ட், அதாவது மூன்று அலைவரிசைப் பெட்டி, வாங்கினால் பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனி அலைவரிசை இருக்கும். ஆனால் அதுவும் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ்தான். மைதானத்தில் வேகமாக ஓடும், சுவரைக் கண்டால் மூச்சு வாங்கும்.

என் மடத்தனமும் இருந்தது. சிக்னலே இல்லாத அடுப்படியில் கொண்டுபோய் மூன்றாவது பெட்டியை வைத்தேன். அதற்கே வரவில்லை, அது எங்கிருந்து கொடுக்கும்? சிக்னல் பாதியாவது வருகிற இடத்தில் வைத்தால்தான் அதற்கு அப்பால் எட்டும். வளவுப் பெட்டியோ ஐயா வாங்கி மாட்டிய பெல்ஜியம் கண்ணாடிக்கு நேர் முன்னால் இருந்தது. பின்பக்கம் வெள்ளிப் பூச்சு அல்லவா, முகத்தைத் திருப்பி அனுப்புகிற மாதிரி அலையையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் அளக்கும் ஆப்பை வைத்துக்கொண்டு நடந்தேன். அதில் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் நல்லது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைனஸ் 58, அந்தப் பக்க அறையில் மைனஸ் 81. தேக்குத் தூண் ஓரமாகப் பெட்டியை நகர்த்தியதும் அதே அறையில் மைனஸ் 66. வீடியோ கால் தடுமாறாமல் ஓட அது போதும்.

கடைசியில் வயர்தான் கைகொடுத்தது. சுவரில் துளை போட வேண்டுமென்றால் ஏழு பங்காளியிடம் சம்மதம் வாங்க வேண்டும், இந்த ஜென்மத்தில் நடக்காது. எலெக்ட்ரீஷியன் பையன் நிலைக்கு மேலிருக்கும் வென்டிலேட்டர் வழியாகவே கேட்-6 என்கிற நெட்வொர்க் வயரைக் கடைசிவரை இழுத்துவிட்டான். ஒரு துளை இல்லை. அதே பழைய பெட்டிகள்தான், வயரில் கோத்ததும் அடுப்படியிலும் 130.

அதே உற்சாகத்தில் பின்கட்டுக் கொட்டகைக்கும் வெட்டவெளியில் செம்பு வயரை இழுத்தேன். ஐப்பசி இடியில் இரண்டு முனையிலும் போர்ட் கருகியது. வெளியே போவதானால் கண்ணாடி ஃபைபர் போடு, அதில் கரண்ட் பாயாது.

உன் வீட்டில் இந்த வில்லங்கம் எதுவும் இல்லை. ஆனால் உன் தளம் கான்கிரீட், உள்ளே கம்பிப் பின்னல். மாடிக்கு மாடி சிக்னல் இறங்குவது கஷ்டம். அதனால் மாடிப்படிக்கு அடியில் ஓர் இடத்தை ஒதுக்கி, அங்கிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு இஞ்ச் பிவிசி பைப் தனியாகப் போடச் சொல். கரண்ட் பைப்போடு சேர்க்க விடாதே, மேஸ்திரி “இதிலேயே போகும் சார்” என்பார். உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வைத்தால் நாளைக்கு வேறு வயரும் இழுக்கலாம். வயர் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதைப் பாதி விலைக்குத் தருவார்கள், நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். பெட்டி வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் இன்வெர்ட்டர் லைன் பிளக் வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் ரூட்டர் உயிரோடிருக்கும், மாடி செத்துவிடும்.

இவ்வளவும் ஆனபிறகு டெகோ வாங்கினாலும் சரி, ஆசஸ் வாங்கினாலும் சரி. அட்டையில் இரண்டை மட்டும் பார்: வைஃபை 6, கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட். சில மலிவுப் பெட்டிகளில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும், நீ எவ்வளவு நல்ல வயர் போட்டாலும் அங்கே அடைபட்டுவிடும். இணையக்காரர் கொடுக்கும் பெட்டியும் ரூட்டர் என்றால் மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடு, அது ரூட்டர் வேலை பார்க்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும். வைஃபை 7 வேண்டுமென்று உன் மகன் கேட்பான், வேண்டுமானால் அவன் காசில் வாங்கட்டும்.

கிரகப்பிரவேசத்துக்கு ஆத்தாவும் வருகிறேன் என்கிறார்கள். மாவுருண்டை வரும்.

அன்புடன்,
லட்சுமணன்

பின்குறிப்பு: ஹாலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டப்போகிறீர்கள் என்று தங்கச்சி போனில் சொன்னது. எந்தச் சுவரில் என்று உடனே எழுது.