அந்த நீல வளையல் இருக்கிறதா, அக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

சார் மறைந்த துக்கத்தை விசாரிக்க நான் வந்த அன்று வாசலில் நின்றபடி ஒன்று கேட்டீர்கள். "அப்பா வகுப்பில் எப்படி இருப்பார்? நான் வேறு பள்ளியில் படித்ததால் பார்த்ததே இல்லை." எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "நன்றாக நடத்துவார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பதிலே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எட்டாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு நடத்த வந்த நாளில், சார் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு நீலக் கண்ணாடி வளையல். "என் மகளுடையது. சாயங்காலம் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறேன்" என்றார். பெஞ்சுக்கு ஒரு நூல், ஒரு அளவுகோல். வளையல் கைமாறிக் கைமாறி வந்தது. குறுக்களவு 5 சென்டிமீட்டர். சுற்றளவு முதல் பெஞ்சில் 15.5, அடுத்ததில் 16, எங்கள் பெஞ்சில் 15.8. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினார், ஒன்றையும் அழிக்கவில்லை. ஐந்தால் வகுக்கச் சொன்னார். 3.1, 3.2, 3.16.

"எல்லோரும் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறீர்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்றுதான் மனிதர்கள் இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாகத் தேடியிருக்கிறார்கள்."

சுற்றளவைக் குறுக்களவால் வகுத்தால் வருவது பை (π), அது 22/7 என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் நாங்கள். ஆர்க்கிமிடீஸ் 96 பக்கப் பலகோணங்களை வைத்துக்கொண்டு, பை 22/7-ஐவிடக் குறைவு, 223/71-ஐவிட அதிகம் என்று காட்டியதை அன்றுதான் கேள்விப்பட்டோம். பிறகு 22-ஐ 7-ஆல் வகுத்துக்கொண்டே போனார். 3.142857, மறுபடியும் 142857. "இது திரும்பத் திரும்ப வரும். பை அப்படி வராது. 1761-இல் லாம்பர்ட் என்ற கணித அறிஞர் அதை நிறுவிவிட்டார்." மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் வளையலைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையைப் பொத்தியபடி நடந்து போனார். கண்ணை மூடினால் இன்றும் அந்தக் கைதான் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவறான கணக்கைச் சார் அடித்துவிட மாட்டார். எந்த வரியில் வழி தவறியதோ அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். மீதியை நாங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

சார் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை சரியாக வராமல் இருந்த சமயம். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். சார் ஒரு நோட்டில் புள்ளிப் புள்ளியாக வட்டங்கள் வரைந்து வைத்திருந்தார். அம்மா பென்சிலைப் பிடித்து அவற்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார். கோடு விலகிய இடத்தில் சார் ஓரமாக ஒரு புள்ளி வைத்து, "இங்கிருந்து மறுபடி போகலாம்" என்றார். அதே குரல். ஒரு மணி நேரம் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை, அக்கா. அவருடைய வகுப்பில் மறுபடியும் உட்கார இடம் கிடைத்த மாதிரி இருந்தது. இரங்கல் குறிப்பில் நல்லாசிரியர் என்றும் நல்ல குடும்பத் தலைவர் என்றும் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். நான் பார்த்தவரை அவரிடம் இருந்தது ஒரே பொறுமைதான். வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

நானும் இப்போது எட்டாம் வகுப்புக்குக் கணக்குதான் எடுக்கிறேன். அடுத்த வாரம் வட்டம் தொடங்குகிறது. அந்த நீல வளையல் இன்னும் உடையாமல் உங்களிடம் இருந்தால் ஒரே ஒரு நாள் கொடுங்கள். கைக்குட்டையில் சுற்றித்தான் எடுத்துப் போவேன். சாயங்காலம் திருப்பித் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சாரின் மாணவன்