தகுதிநீக்கத்திற்கான காரணத்தை எழுதித் தாருங்கள்

திருநெல்வேலி வட்டாரத்தில் நீச்சல் போட்டிகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும் நடுவர் பெருமக்களுக்கும் வணக்கம்.

சென்ற போட்டியில் சிறுமியர் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில், அதாவது தவளை போல் நீந்தும் முறையில், நடந்தது தாங்கள் அறிந்ததே. முதலாவதாகச் சுவரைத் தொட்ட பிள்ளையின் பெயருக்கு நேரே, பட்டியலில் தகுதிநீக்கம் என்று மட்டும் இருந்தது. பிழை தொடக்கத்திலா, திருப்பத்திலா, கையிலா, காலிலா என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. அந்தக் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று, அவளுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். இனி தகுதிநீக்கம் செய்யப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படித் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வாய்மொழியாகக் கிடைத்த பதில்கள் இரண்டு. “ரொம்பத் தூரம் முங்கியே வந்துட்டால்லா” என்றார் ஒருவர். கை பிரியும் முன்பே டால்பின் கிக், அதாவது இரு கால்களையும் சேர்த்து மேலும் கீழுமாக அடிக்கும் உதை, அடித்துவிட்டாள் என்றார் மற்றொருவர். இவ்விரண்டுமே விதிமீறல் அல்ல என்பதை மரியாதையுடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும் என்னும் வரம்பு ஃப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை ஆகியவற்றுக்கு உரியது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தூரத்துக்கு வரம்பில்லை, அசைவுகளுக்குத்தான் வரம்பு. பாய்ந்த பிறகும், ஒவ்வொரு திருப்பத்திற்குப் பிறகும், தொடை வரை கையை ஒருமுறை முழுதாக இழுக்கலாம். முதல் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கிக்கிற்கு முன் ஒரே ஒரு டால்பின் கிக் அடிக்கலாம். இரண்டாவது இழுப்பில் கைகள் மிக அகன்ற நிலையிலிருந்து உள்நோக்கித் திரும்புவதற்குள் தலை நீர்ப்பரப்பைக் கிழித்து மேலே வந்துவிட வேண்டும். அந்த டால்பின் கிக் கை இழுப்போடு சேர்ந்துதான் வர வேண்டும் என்பது பழைய விதி. அது மாறிப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. அவள் அடித்தது ஒரே கிக். வேறு ஏதேனும் பிழை இருந்திருக்கலாம். தொடுகையில் ஒரு கை முந்தியிருக்கலாம், பாதம் வெளிப்புறம் திரும்பாமல் இருந்திருக்கலாம். எழுதித் தந்தால்தானே தெரியும்?

முடிவை எதிர்த்து முறையிட வேண்டுமானால், அந்தப் பந்தயம் முடிந்த 30 நிமிடத்திற்குள் தலைமை நடுவரிடம் எழுத்துமூலம் தர வேண்டும் என்பது உலக நீச்சல் கூட்டமைப்பின் விதி. அன்று பட்டியல் ஒட்டப்பட்டபோதே அந்த நேரத்தில் பெரும்பகுதி கடந்துவிட்டது. என்ன குற்றம் என்றே தெரியாமல் எதை மறுத்து எழுதுவது? உச்சிவெயிலில், கொதிக்கும் சிமெண்டுத் தரையில், தோளில் ஈரத்துண்டோடு மேசைக்கு மேசை என்னுடன் நடந்த அந்தப் பிள்ளை கேட்டது ஒன்றுதான்: “என்ன தப்புன்னு சொன்னா மாத்திக்கிடுதேன் சார்.” அந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை; தங்களிடம்தான் இருக்கிறது.

அதன் விளைவை இப்போது தினமும் காண்கிறேன். சுவரை உதைத்த வேகத்தில், உடலை நீட்டி நீருக்கடியில் வழுக்கிச் செல்வதுதான் அவளுடைய பலம். தாமிரபரணிப் படித்துறையில் முங்குநீச்சல் பழகி வந்த பிள்ளைகளுக்கு மூச்சடக்கம் இயல்பாக அமைந்துவிடுகிறது. மேற்பரப்பில் அலையை எழுப்புவதிலேயே உடலின் ஆற்றல் கணிசமாக வீணாகும். ஆழத்தில் அந்தத் தடை குறைவு. அதனால்தான் தேர்ந்த வீரர்கள் ‘புல் அவுட்’ எனப்படும் இந்த நீரடி இழுப்புக்காகத் தனியே பயிற்சி எடுக்கிறார்கள். இவளோ இப்போது சுவரை விட்ட உடனேயே தலையைத் தூக்கிவிடுகிறாள், கிக்கை அறவே விட்டுவிடுகிறாள். எது தவறு என்று தெரியாததால் எல்லாவற்றையுமே தவறென்று எண்ணி அஞ்சுகிறாள்.

நீருக்கடியில் நடப்பதைக் கரையிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டரில் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே நீந்தித் தங்கம் வென்ற பிறகுதான் அப்படி நீந்துவதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2004 ஏதென்ஸில் ஜப்பான் வீரர் கொசுகே கிட்டாஜிமா டால்பின் கிக் அடித்தாரா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. மறு ஆண்டு ஒரு கிக்கிற்கு அனுமதி கிடைத்தது. 2012 லண்டனில் 58.46 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்ற தென்னாப்பிரிக்க வீரர் கேமரன் வான் டெர் பர்க், தாம் ஒன்றுக்கு மேற்பட்ட கிக் அடித்ததைப் பின்னர் தாமே ஒப்புக்கொண்டார். அன்றைய நடுவர்கள் கண்ணில் அது தப்பியது. ஒலிம்பிக் நடுவர்களுக்கே எட்டாமல் போகும் ஒன்றை, வெயில் பட்டுக் கண்கூசும் நீரில், பந்தல் நிழலில் நாற்காலியில் இருந்தபடி, ஒருவரே பல தடங்களையும் பார்த்துக்கொண்டு எவ்வாறு உறுதியாகச் சொல்ல முடிந்தது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று நம்புகிறேன். திருப்ப நடுவர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இரண்டாவது கை இழுப்பு முடியும் வரை கவனிக்கக் கடமைப்பட்டவர். நேரம் குறிப்பவரையே திருப்பத்தையும் பார்க்கச் சொன்னால் அந்தக் கடமை எப்படி நிறைவேறும்? விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அம்பாசமுத்திரத்திலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் வந்து, நுழைவுக் கட்டணமும் செலுத்தி, நாள் முழுதும் காத்திருக்கும் பெற்றோருக்குத் “தீர்ப்பு தீர்ப்புதான்” என்பது மட்டும் பதிலாகாது.

என் சொல் சற்றுக் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். ஊதியம் பாராமல் பணியாற்றும் நடுவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களின் நேர்மையை நான் ஐயுறவில்லை. நான் கேட்பது புதிதும் அன்று. எந்தப் போட்டி, எந்தத் தடம், என்ன மீறல் என்று எழுதிக் கையொப்பமிட்ட சீட்டு தலைமை நடுவருக்குச் செல்ல வேண்டும் என விதியே சொல்கிறது. அதன் நகலைப் பயிற்சியாளரிடம் உடனே தாருங்கள். 30 நிமிடத்தை அந்த நகல் கையில் கிடைத்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். ஐயம் இருப்பின் பலனை நீந்துபவருக்கு அளியுங்கள். அடுத்த போட்டிக்கு முந்தைய நடுவர் கூட்டத்தில் இன்றைய விதியை ஒருமுறை உரக்கப் படியுங்கள்.

சென்ற போட்டியின் சீட்டு தங்களிடம் இருக்குமானால் அதன் நகலை அன்புகூர்ந்து அனுப்பி வையுங்கள். அதில் எழுதியிருப்பது உண்மையான பிழையானால், மறுநாள் காலைப் பயிற்சியிலேயே அதைத் திருத்தத் தொடங்கிவிடுவோம்.

இங்ஙனம்,
சிறுவர் நீச்சல் பயிற்சியாளர்,
பாளையங்கோட்டை