வேலை முடிந்து வீடு திரும்பும் அப்பாக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பாக்களுக்கு,

வணக்கம். எனக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். உங்கள் வீட்டிலும் அந்த வயதை ஒட்டி ஒரு பிள்ளை இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான்.

வீடு வந்து சேரும்போது நம்மிடம் மிச்சமிருப்பது களைப்பு. பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். "கொஞ்சம் இரு கண்ணு" என்று உட்கார்ந்துவிடுவோம். அழுதால் கைபேசியை நீட்டுவோம். நானும் பல மாதம் அப்படித்தான் இருந்தேன். அந்த மாதங்களை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும் என்கிறது அது. மூன்று, நான்கு வயதென்றால் அதில் 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும். படித்ததும் மலைத்துப்போனேன். மூன்று மணி நேரத்துக்கு எங்கே போவது? அப்புறம்தான் புரிந்தது, அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்ந்தால் போதும்.

எங்கள் வீட்டுக்குப் படியேறித்தான் போக வேண்டும். முன்பெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிடுவேன். இப்போது அவள் ஏறுகிறாள், நான் ஒரு படி கீழே பின்னால் வருகிறேன். படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று, மூச்சு வாங்கி, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த படி. அப்படி ஏறிக்கொண்டிருந்தவள் ஒரு மாலை சட்டென்று கால் மாற்றி ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று படி. அவளுக்கே அது தெரியவில்லை. நான்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். தூக்கிக்கொண்டே போயிருந்தால் அந்த மாலை எனக்குக் கிடைத்திருக்காது.

வீட்டு வேலையிலும் இடம் உண்டு. துணி காயப்போடும்போது அவள் குனிந்து கிளிப்பை எடுத்துக் கொடுப்பாள், மனைவி மாட்டுவாள். வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு அறைக்கு அறை போவோம். தொட்டுப் பிடித்து விளையாடும்போது மூவரும் ஓடுவோம். அம்மா ஓரமாக நின்று பார்த்தால் பிள்ளை விடமாட்டாள். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பிள்ளை "போதும்" என்றால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும், சிரித்துக்கொண்டே சொன்னாலும் சரி.

"ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். பிள்ளை உங்களுக்காகக் காத்திருப்பது இன்று மாலை.

ஆகவே இன்று வாசலில் உங்கள் செருப்பைக் கழற்றாதீர்கள். பிள்ளையின் செருப்பை எடுத்து மாட்டிவிட்டு, வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு தெருக்கோடி வரை போய் வாருங்கள். முன்னால் நடக்க அவளை விடுங்கள். வழியில் எறும்பு வரிசை தென்பட்டால் குந்தி உட்கார்ந்துவிடுவாள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஓர் அப்பா