பறவையை ஏன் எடுத்தாய்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ படித்த கல்லூரியின் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) விமானப் பிரிவுக்காக வரைந்த சின்னத்தின் இரண்டாவது படம் வந்தது. அதோடு ஒரு வரிகூட இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. வேலை அதிகமாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

முதல் படத்தைச் சட்டம் போட்டு மாட்டத்தான் நினைத்திருந்தேன். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்றையும் என்.சி.சி. கொடியில் உள்ள வரிசையிலேயே வைத்திருந்தாய். தரைப்படை, கடற்படை, விமானப்படை. என்.சி.சி.யில் விமானப் பிரிவு 1950இல் வந்தது, கடற்படைப் பிரிவு 1952இல்தான். ஆனாலும் 1954இல் வந்த கொடியில் வெளிர்நீலம் கடைசியில்தான் நிற்கிறது. அதனால் அதற்கு ஒரு குறையும் இல்லை, பாப்பா.

பதினேழு தாமரைகளையும் வளையத்துக்குள் திணித்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. என்.சி.சி.யின் பதினேழு இயக்ககங்களுக்கும் ஆளுக்கொரு பூ என்ற கணக்கு கொடிக்குச் சரி. சட்டையில் தைக்கும் சிறிய துணியில் நூல் வேலைக்கு இடம் ஏது? எல்லாப் பூக்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ கீழே நாடாவில் இருக்கட்டும், அது நன்றாக இருக்கிறது.

விமானப்படைச் சின்னத்தில் இருக்கும் கழுகைப் பயிற்சி பெறும் பிள்ளைகள் கடன் வாங்கக் கூடாது என்று சொல்லி, நம் பனைமரத்து உழவாரன் குருவியை வரைந்திருந்தாய். அரிவாளாக வளைந்த இறக்கை, மேல்நோக்கிய அலகு. எத்தனை பேரிடம் காட்டினேன் தெரியுமா! போர்விமானம் போட்டுப் பெருமையடிக்காமல், நீ ஏறிப் பறந்த இரண்டு இருக்கை மைக்ரோலைட் என்ற குட்டி விமானத்தையே அதன் கீழே வைத்தாய். இறக்கை உடலுக்கு மேலே இருப்பதைக்கூடத் தவறவிடவில்லை.

இப்போது வந்த படத்தில் பறவை இல்லை. வெளிர்நீலம் வெறுமனே கிடக்கிறது. விமானப்படைத் தேர்வுக்கு மைசூருக்குப் போகும் முன் இருந்த பறவை, வந்தபின் எங்கே போனது? இடம் போதவில்லை என்று சொல்லாதே, தாமரைகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன.

மைசூரைப் பற்றி நான் கேட்கவில்லை. சித்தப்பா கேட்டார். பாப்பாவுக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

தைக்கக் கொடுக்கும் முன் பறவையைத் திரும்ப வரைந்துவிடு. தாமரையைக் குறைத்தால் இடம் தானாக வரும். முதல் படம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிடுவாள். என்னிடம் பேசாவிட்டாலும் அவளிடம் பேசு. வேளைக்குச் சாப்பிடு. பறவையை மறக்காதே.

அப்பா