ஏரிக்குக் கார் வேண்டாம், பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அம்மாவும் நானும் இருந்து பார்த்தோம். ஐந்து நாளில் இத்தாலியின் கோமோ ஏரி, கார்தா ஏரி, வெனிஸ், சியெனா. அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெய்ப் போத்தலை மட்டும் எடுத்துப் பயணப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். சரி, நான் சொல்லிவிடுகிறேன். கோமோவிலிருந்து சியெனா 400 கிலோமீற்றருக்கு மேல். அதிலே ஒரு நாளும் வெனிஸ் போய்வர ஒரு நாளும் போனால் மிச்சம் என்ன இருக்கும்? ரொறொன்ரோவிலிருந்து இவ்வளவு காசு செலவழித்து வருவது நெடுஞ்சாலை பார்க்கவா? ஒரு ஏரி, ஒரு மலைநாடு, ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு. அம்மாவையும் சின்னவனையும் வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஏலாது.

ஏரிக்குக் கோமோவையே வைத்துக்கொள். இத்தாலியில் பெரிய ஏரி கார்தாதான், ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து தூரம். கோமோவுக்கு இங்கே சுவிஸ் பக்கத்து லுகானோவிலிருந்தே பஸ் இருக்கிறது. பொர்லெத்சா வழியாகப் போய் ஏரிக்கரை ஊரான மெனாஜ்ஜோவில் இறக்கும், ஒரு மணித்தியாலம் மட்டில்தான். எல்லை தாண்டுகிற பஸ், எல்லாருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

நீ பெல்லாஜ்ஜோவில் தங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வடிவான ஊர்தான், ஏரி இரண்டு கையாகப் பிரிகிற முனையில் இருக்கிறது. ஆனால் படகுத்துறையிலிருந்து மேலே ஏறுகிற ஒழுங்கைகள் எல்லாம் கல்லுப் படி. அம்மாவால் ஒரு தரம் ஏறலாம், இரண்டாம் தரம் ஏற மாட்டாள். மெனாஜ்ஜோவில் கரையோரம் சமதரை. அங்கிருந்து பெல்லாஜ்ஜோவுக்கும் எதிர்க்கரை வரென்னாவுக்கும் படகில் கால் மணித்தியாலம் அளவுதான். பகலில் போய்ப் பார், ஜெலாத்தோ சாப்பிடு, திரும்பி வா. காலையில் வடக்கிலிருந்து தீவானோ காற்று, மத்தியானத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து பிரேவா. பின்னேரப் படகில் அந்தப் பிரேவா முகத்தில் அடிக்கும், அம்மாவுக்குச் சால்வை எடுக்க மறக்காதே.

வில்லா கார்லொத்தா உன் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது. அது அசேலியா பூக்கிற ஏப்ரல், மே மாதத்துக்குரிய இடம். செப்டெம்பரில் விட்டாலும் பரவாயில்லை. அதற்குப் பதில் வரென்னாவில் வில்லா மொனஸ்தேரோவுக்குப் போங்கள். தோட்டம் தண்ணீர்க் கரையோடு நீளத்துக்குப் போகிறது, ஆறுதலாக நடக்கலாம். வரென்னாவுக்குப் பக்கத்தில் ஃபியூமெலாத்தே என்று ஓர் ஆறு, மொத்த நீளமே 250 மீற்றர் அளவுதான். பாறைக் குகையிலிருந்து நுரைத்துக்கொண்டு வந்து ஏரியில் விழும், குளிர்காலத்தில் வற்றிவிடும். லியொனார்தோ தா வின்சி கூடத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். சின்னவனுக்கு ஒரு முழு ஆற்றையும் ஒரே பார்வையில் காட்டலாம்.

கார் ஏரிக்கு வேண்டவே வேண்டாம். மேற்குக் கரை வீதியில் இரண்டு பஸ் எதிர்ப்பட்டால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டும், நடுவில் அகப்பட்டால் உங்கள் கதி என்ன? மூன்றாம் நாள் வரென்னாவில் ரயில் ஏறி மிலானோவுக்குப் போங்கள், ஒரு மணித்தியாலம். லினாத்தே விமான நிலையத்துக்கு மெட்ரோ இருக்கிறது, காரை அங்கே எடுங்கள், நகரத்துக்குள் எடுக்க வேண்டாம். பழைய ஊர்களின் நடுப்பகுதிக்கு வெளிவாகனம் போகக் கூடாது, கமரா வைத்திருக்கிறார்கள். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் கண்டால் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கணக்கில் கழித்து அபராதக் கடிதம் ரொறொன்ரோ வீட்டுக்கே வரும். கனடா லைசென்ஸோடு சர்வதேச அனுமதிப்பத்திரமும் வேண்டும். ஓட்டோமற்றிக் கார் என்றால் இப்போதே சொல்லி வை, அங்கே கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம்.

மலைநாடு என்று நான் சொல்வது வடமேற்கு இத்தாலியில், பியெமோந்தே மாநிலத்தில் உள்ள லாங்கே. சியெனா இருக்கிற தொஸ்கானாவின் பெயரும் கூட்டமும் இதற்கு இல்லை, எனக்கு இதுதான் பிடிக்கும். குன்று முழுக்கத் திராட்சை, குன்று உச்சியில் ஊர். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். லா மொர்ராவில் ஊர் மேட்டில் நின்றால் அவ்வளவு குன்றும் கீழே தெரியும், வானம் தெளிந்திருந்தால் 3,841 மீற்றர் மொன்விசோ மலையும் தெரியும். மருமகன் பரோலோ வைன் ருசி பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், அன்றைக்குக் கார் ஓட்டுவது நீ. சின்னவன் நாள் தவறாமல் பாணுக்குப் பூசுகிற நுத்தெல்லாவின் ஊர் அல்பாவும் அங்கேதான். யுத்தம் முடிந்த கையோடு கொக்கோ கிடைக்காத காலத்தில், 1946இல், பியெத்ரோ ஃபெரேரோ உள்ளூர் ஹேசல் கொட்டையை அரைத்துச் சேர்த்ததில் தொடங்கியது, 1964இல் நுத்தெல்லா ஆனது. வழியெல்லாம் அந்தக் கொட்டை மரங்கள் நிற்கும், அவனுக்குக் காட்டு.

சாப்பாட்டுக்கு வருகிறேன், சமையலறையில் காலம் போக்கியவன் சொல்வதைக் கேள். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மரக்கறி. 'சென்சா கார்னே', இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் சிலர் ஹாம் துண்டு போட்டுக் கொண்டுவருவார்கள், அவர்கள் கணக்கில் அது இறைச்சியில் சேராது. ரிசோத்தோ என்கிற குழைந்த சோற்றுக்கு மாட்டிறைச்சி அவித்த தண்ணீர் ஊற்றுவது வழக்கம், அதனால் 'சென்சா ப்ரோதோ தி கார்னே' என்றும் சொல்ல வேண்டும். லாங்கேயில் பாஞ்ஞா கவுதா, மரக்கறி தோய்த்துச் சாப்பிடுகிற சூடான குழம்பு, மேசைக்கு வந்தால் உள்ளே நெத்தலி மாதிரி மீன் கரைந்திருக்கும், பார்த்தால் தெரியாது. ஏரிப் பக்கம் போலெந்தா, சோளமாக் களி, கேட்கலாம், பயமில்லை. மத்தியானம் இரண்டரைக்குப் பிறகு அநேகமான சமையலறைகளில் அடுப்பு இல்லை, இரவு ஏழு, ஏழரைக்குத்தான் மூட்டுவார்கள். சின்னவனுக்குப் பையில் ஏதாவது இருக்கட்டும்.

மருமகனின் லீவு உறுதியானவுடன் திகதியைச் சொல். ஒக்டோபருக்குத் தள்ளிப் போனால் அல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் காளான் சந்தை தொடங்கிவிடும், அறை விலை ஏறும். மெனாஜ்ஜோவில் எனக்குப் பழக்கமான ஒரு இடம் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. கீழ்த்தளத்தில் இரண்டு அறை கேட்டு வைக்கிறேன். நீ வெனிஸ் டிக்கெட்டை மட்டும் இன்னும் எடுக்காதே.

அன்புடன்,
அப்பா