இமை அறுவைக்குப் பின் வீட்டில் கவனம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அழகுக்காக இமை அறுவை செய்துகொள்வோர் பெரும்பாலும் அன்றே வீடு திரும்புகிறார்கள். முதல் 48 மணி நேரம், விழித்திருக்கையில் மணிக்கொரு முறை 10 நிமிடம் குளிர் ஒத்தடம் தேவை. ஐஸ் கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி, அழுத்தாமல் வையுங்கள். மரத்துப்போன இமைத்தோல் குளிரில் புண்ணானாலும் தெரியாது. இரண்டு தலையணை வைத்துத் தலை உயரப் படுத்தால் வீக்கம் சீக்கிரம் வடியும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும். மஞ்சள், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் தையலருகே வேண்டவே வேண்டாம்.

ஒரு கண்ணில் வலி திடீரெனக் கூடி, விழி பிதுங்கி, பார்வை மங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் தேங்கும் ரத்தம் நரம்பை நசுக்கி, சில மணி நேரத்தில் பார்வையையே பறித்துவிடும். இதை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில், பெரிய எழுத்தில் மருத்துவமனைகள் அச்சிட்டுத் தர வேண்டும்.

- கண் சிகிச்சைப் பிரிவு செவிலியர்கள், மதுரை